உஷார்! ஏழே நாளில் மறைகிறதா நெற்றிக் கோடு?

பாலக்கோடு வட்டாரத்து அக்கா, தங்கைகளே, அண்ணன் தம்பிகளே! "ஏழே நாளில் நெற்றிக் கோடு மாயம். ஊசி இல்லாத போடாக்ஸ். ஒரிஜினல் பெப்டைடு சீரம்" என்று வாட்ஸ்அப் குழுவிலோ இன்ஸ்டாகிராமிலோ பார்லர் மேசையிலோ ஒரு குட்டி பாட்டில் உங்களைத் தேடி வரும். வாங்கினால் வேலை செய்யுமோ செய்யாதோ என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். வேலை செய்யாவிட்டால் காசு போச்சு, அவ்வளவுதான். சொன்னபடியே ஏழு நாளில் முகம் பளபளவென்று மாறிவிட்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஏனென்றால், உண்மையான பெப்டைடுக்கு அந்த வேகம் கிடையாது. ஒரு வாரத்தில் அது கோட்டை அழிக்காது. அழிந்தது என்றால், பாட்டிலுக்குள் லேபிளில் எழுதாத வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அது ஸ்டீராய்டாக இருக்கலாம், பாதரசமாக இருக்கலாம். இரண்டுமே இந்திய முகங்களைப் பதம் பார்த்த பழைய எதிரிகள்தான்.

பெப்டைடால் என்ன முடியும், என்ன முடியாது?

பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு. சில அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. நம் தோலிலும் உண்டு, சாப்பாட்டிலும் உண்டு. முகக்கோட்டுக்கென்று அதிகம் பேசப்படுவது அர்ஜிரலின். ஸ்பெயினின் பார்சிலோனாவில் லிபோடெக் என்ற நிறுவனம் உருவாக்கியது. லேபிளில் இது அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8 என்ற பெயரில் இருக்கும்.

நாம் சிரிக்கும்போதும், வெயிலில் கண்ணை இடுக்கும்போதும், கோபத்தில் புருவத்தை நெரிக்கும்போதும், நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேறித் தசையைச் சுருங்க வைக்கிறது. அதை வெளியே தள்ளுவதற்கு நரம்புக்குள் சில புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றின் பெயர் ஸ்நாப்-25. போடாக்ஸ் ஊசியில் இருக்கும் போட்டுலினம் நச்சு, அந்தப் புரதத்தையே வெட்டிவிடுகிறது. தசை ஓய்வெடுக்கிறது, கோடு மங்குகிறது. அர்ஜிரலின் எதையும் வெட்டாது. ஸ்நாப்-25இன் ஒரு முனையைப் போல வேடம் போட்டு நடுவில் புகுந்து, பின்னலைக் கொஞ்சம் தளர்த்தப் பார்க்கும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இது நடக்கிறது. முகத்தில் நடக்கிறதா என்பதுதான் சிக்கல்.

நம் தோலின் முதல் வேலையே வெளியார் யாரையும் உள்ளே விடாமல் இருப்பது. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு தோலைத் தாண்டுவது கடினம் என்று 2000ஆம் ஆண்டிலேயே தோல் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அர்ஜிரலின் எடை ஏறத்தாழ 890 டால்டன். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட சோதனையில், இந்தப் பெப்டைடு கலந்த கிரீமை ஆய்வுக்கூடத்தில் மனிதத் தோலின் மீது பூசிப் பார்த்தார்கள். பெரும்பகுதி கழுவும்போதே போய்விட்டது. தோலுக்குள் நுழைந்தது கால் சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் மேலடுக்கிலேயே தங்கிவிட்டது. தோலைக் கடந்து அடியிலிருந்த திரவத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை. புருவத்தை நெரிக்கும் தசையோ தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே கிடக்கிறது.

"ஆய்வில் 30 சதவீதம் சுருக்கம் குறைந்ததாமே?" என்று விளம்பரக்காரர் கேட்பார். 2002இல் வந்த அந்த ஆய்வைத்தான் இன்றுவரை எல்லோரும் காட்டுகிறார்கள். அதில் பூசிக்கொண்டவர்கள் 10 பெண்கள். 30 நாள் பூசிய பிறகு, கோட்டின் ஆழம் அதிகபட்சம் 30 சதவீதம் வரை குறைந்தது என்பதே முடிவு. ஆய்வில் சரக்கைத் தயாரித்த நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அதிகபட்ச எண்ணை எடுத்து எல்லோருக்கும் கிடைக்கும் எண்ணாக விற்பது விளம்பரத்தின் வழக்கம். அந்த ஆய்வேகூட ஏழு நாள் என்று சொல்லவில்லை, கோடு மறைந்தது என்றும் சொல்லவில்லை.

மேட்ரிக்ஸில் என்று இன்னொரு பெப்டைடு உண்டு. தோலைத் தாங்கும் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவதாகச் சொல்லப்படுவது. 2005இல் 93 பெண்களிடம் 12 வாரம் சோதித்ததில் மெல்லிய சுருக்கங்களில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. "பாம்பு விஷ கிரீம்" என்று பயமுறுத்தி விற்பதும் பெப்டைடுதான். ஒரு விரியன் பாம்பின் விஷத்தைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்தது. அதில் விஷம் ஒரு சொட்டும் கிடையாது.

ஆக, முறையாகத் தயாரித்த பெப்டைடு சீரம் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்யாது. மாதக்கணக்கில் பூசினால் மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கலாம். ஆழமான கோட்டை அழிக்காது. இந்தச் சரக்குக்கு இவ்வளவுதான் சக்தி.

அப்படியானால் ஒரு வாரத்தில் மாறுவது எப்படி?

இரண்டு வழிகளில் மாறும். ஒன்று அப்பாவி வழி. கிளிசரின், ஹயலுரானிக் அமிலம் போன்றவை தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து லேசாக உப்ப வைக்கும். பூசிய அரை மணியில் கோடு மங்கித் தெரியும். முகம் கழுவி உலர்ந்ததும் பழைய கதைதான். இதில் ஏமாற்றம் உண்டு, ஆபத்து இல்லை.

இன்னொரு வழிதான் கொடூரமானது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டைக் கிரீமில் கலந்துவிட்டால் நாலைந்து நாளில் சிவப்பு அடங்கும், பரு அமுங்கும், முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆகும். "அடடா, என்ன கிரீம்டி போடற?" என்று பக்கத்து வீட்டக்கா கேட்பார். அந்தக் கேள்விதான் அடுத்த பத்துப் பேரை வாங்க வைக்கும்.

சில மாதங்களில் கணக்கு தீர்க்கப்படும். தோல் மெலியும். கன்னத்தில் சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும். பரு கொத்தாகக் கிளம்பும். பெண்களுக்குத் தாடையில் முடி முளைக்கும். நிறுத்திவிடலாம் என்று நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், சிவந்து வீங்கும். தாங்க முடியாமல் மறுபடி அதையே பூசுவார்கள். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் பூசினால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரும் வாய்ப்பு உண்டு. கண்ணோரக் கோட்டுக்கென்று வாங்கும் கிரீமை எங்கே பூசுவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இது கற்பனை இல்லை. இந்தியாவின் பல தோல் மருத்துவ மையங்கள் சேர்ந்து செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர்! தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் லேபிளில் எழுதாமலே கலப்பவரிடம் எந்தச் சீட்டைக் கேட்பது?

கோட்டக்கல் நமக்கு எழுதிய எச்சரிக்கை

பாதரசத்தின் கதை இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் சார்ந்த அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர், அறிகுறி தெரிவதற்கு முன் சிவப்பழகு கிரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். பாதரசம் முகத்தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் கைவைத்திருந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது என்பதே ஒரே ஆறுதல். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆப்பரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தி அழகுப் பொருட்களைப் பறிமுதல் செய்தது.

"அது சிவப்பழகு கிரீம், நான் வாங்குவது பெப்டைடு ஆயிற்றே" என்பீர்கள். சிக்கியது சிவப்பழகு கிரீம்தான், மறுக்கவில்லை. ஆனால் விற்கும் பாதை ஒன்றே. தயாரித்தவர் பெயர் இல்லாத டப்பா, பில் இல்லாத வியாபாரம், "ஃபாரின் சரக்கு" என்ற ஒற்றை வார்த்தை, நம்பிக்கையான தோழி வழியாக வீட்டுக்கே வரும் பார்சல். போன வருடம் 'சிவப்பழகு' என்று ஒட்டியவருக்கு, இந்த வருடம் அதே டப்பாவில் 'பெப்டைடு' என்று ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பெப்டைடு என்ற பேச்சுக்கு இன்று பெரிய சந்தை இருக்கிறது. இப்படிப்பட்ட சீரங்களை விற்று வளர்ந்த மினிமலிஸ்ட் நிறுவனத்தின் 90.5 சதவீதப் பங்கை வாங்கப்போவதாக இந்துஸ்தான் யூனிலீவர் 2025 ஜனவரியில் அறிவித்தது. பெரிய நிறுவனம் பணம் கொட்டும் இடத்தில் போலி பின்னாலேயே வரும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பாதரச கிரீம் பூசியவரோடு நிற்காது. அதே துண்டில் துடைக்கும் பிள்ளைக்கும், கன்னத்தோடு கன்னம் வைக்கும் கைக்குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

ஊசியோ ரோலரோ எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்

"மேலே பூசினால் இறங்காது அக்கா, ரோலர் ஓட்டி இறக்கிவிடுகிறேன்" என்று பார்லரில் சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பூசினால் இறங்காது என்பது உண்மை. ஊசி முனைகள் பதித்த ரோலரை ஓட்டினால் இறங்கும் என்பதும் உண்மை. ஆபத்தும் அங்கேதான். மேலே பூசுவதற்கென்று செய்த சரக்கு, உள்ளே செலுத்துவதற்குரிய தூய்மையில் செய்யப்படுவதில்லை. அமெரிக்காவில் நுண்ணூசி சிகிச்சையின்போது சீரம் பூசிய மூன்று பெண்களுக்கு முகத்தில் கட்டிகள் வந்ததை 2014இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. அங்கேயே அல்புகர்க்கி நகரில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் 2018இல் நுண்ணூசி ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது அரசு விசாரணையில் உறுதியானது. ஒருவருக்கு ஓட்டிய ரோலரை இன்னொருவருக்கு ஓட்டுவது என்பது ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவதேதான்.

"பாதி விலையில் போடாக்ஸ்" என்று அழைத்தாலும் போகாதீர்கள். 2024இல் அமெரிக்காவில் போலியான அல்லது முறையற்ற போடாக்ஸ் ஊசியால் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். கண் இமை தொங்கியது, விழுங்க முடியவில்லை, மூச்சு திணறியது. பெப்டைடையே நேராக ஊசியாகப் போட்டுக்கொள்ளும் புது மோகமும் பரவுகிறது. 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் முதுமையை விரட்டும் விழா ஒன்றில் அப்படி ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் செயற்கைச் சுவாசக் கருவி வரை போனார்கள். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதிய குப்பி இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக அது மருந்தாகிவிடாது. போலி மருத்துவர் கைது என்ற செய்தி நம் தர்மபுரி மாவட்டத்துக்குப் புதிதில்லை. காய்ச்சலுக்கு ஊசி போட்டவர் நாளைக்கு முகக்கோட்டுக்கும் போடுவார்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏலம் எடுக்கும் எந்த வியாபாரியும் பெட்டியின் மேல் வரிசையை மட்டும் பார்த்து விலை சொல்ல மாட்டார். அடியில் கைவிட்டுப் பார்ப்பார். முகத்தில் பூசும் பொருளுக்கும் அந்தக் கறார் வேண்டும்.

• தயாரித்த நிறுவனத்தின் பெயரும் முழு முகவரியும் இருக்கிறதா? 'மேட் இன் கொரியா' என்பது முகவரி அல்ல.

• தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், உரிம எண் இருக்கின்றனவா? 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் இவற்றைக் கேட்கின்றன.

• வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்று எண்ணும், இறக்குமதி செய்தவரின் இந்திய முகவரியும் இருக்கின்றனவா?

• கலந்த பொருட்களின் பட்டியல் முழுதாக இருக்கிறதா? 'சீக்ரெட் ஃபார்முலா' என்று சொன்னால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

• '10 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். பெரும்பாலும் அது பெப்டைடு கலந்த கரைசலின் அளவு. அந்தக் கரைசலில் நிஜப் பெப்டைடு மிகச் சொற்பம்.

• பில் கேளுங்கள். பில் தராதவர் நாளைக்கு நீங்கள் முகம் வீங்கிப் போய் நின்றால் உங்களைத் தெரியாது என்பார்.

• 'முன்', 'பின்' படங்களை நம்பி வாங்காதீர்கள். விளக்கொளியை மாற்றினாலே நெற்றிக் கோடு படத்தில் மறைந்துவிடும்.

முறையான சரக்கையும் முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ சில நாள் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை: சுருக்கத்துக்கான கிரீம்கள் பலவற்றில் பெப்டைடோடு ரெட்டினால் வகைப் பொருளும் சேர்ந்திருக்கும். கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கிறீர்களா?

பெயர் தெரியாத கிரீம் என்றால் பயந்துபோய்க் குப்பையில் வீசாதீர்கள். டப்பா ஆதாரம். அதை மூடி, ஒரு கவரில் போட்டுக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். பாலக்கோடு அரசு மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். மாதக்கணக்கில் பூசியவர், நிறுத்தியதும் முகம் எரிந்தால் மறுபடி அதையே பூசி அடக்கப் பார்க்க வேண்டாம். எரிச்சலை எப்படிப் படிப்படியாக ஆற்றுவது என்பது மருத்துவருக்குத் தெரியும்.

கால் வீக்கம், காலையில் கண்ணிமை உப்பல், சிறுநீரில் நுரை. இவற்றில் ஒன்று இருந்தாலும் "எதற்கும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எடுங்கள், நான் இந்த கிரீம் பூசினேன்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் தேடிக்கொண்டிருப்பார். நோய்க்குக் காரணமான கிரீம் உங்கள் அலமாரியிலேயே இருக்கும்.

ஏமாற்றி விற்றவர் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். மருந்தின் பக்கவிளைவு என்று சந்தேகித்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மாவட்டத்தில் மருந்து ஆய்வாளர் என்று ஒரு அதிகாரி இருப்பதே இதற்காகத்தான்.

கோட்டுக்குக் காரணம் எங்கே இருக்கிறது?

முகக்கோட்டின் பெரும் காரணம் வெயில். 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்க ஓட்டுநர். ஜன்னல் பக்கம் வெயில் பட்ட இடது கன்னம் தடித்துச் சுருங்கிக் கிடந்தது. வலது கன்னம் பல வயது இளையதாக இருந்தது. ஒரே மனிதர், ஒரே முகம்! பாலக்கோட்டிலிருந்து லோடு ஏற்றிப் போகும் நம் ஓட்டுநர்களுக்கு ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் வெயில் படுவது வலது கன்னம். தக்காளிக் காட்டிலும் மாந்தோப்பிலும் நாளெல்லாம் நிற்கும் பெண்களுக்கு இரண்டு கன்னமும்.

ஆகவே காசு செலவழிப்பதாக இருந்தால், பெப்டைடுக்கு முன்னால் எஸ்பிஎஃப் 30 உள்ள ஒரு சன்ஸ்கிரீனுக்குச் செலவழியுங்கள். அதுவும் முடியாவிட்டால் அகலமான தொப்பி, முந்தானை, குடை எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருப்பவைதான். பார்வை மங்கிப் போய்க் கண்ணை இடுக்கிப் பார்ப்பவர்களுக்குப் புருவ நடுவே கோடு ஆழமாகும். அவர்களுக்குக் கண்ணாடி போட்டாலே பாதி வேலை முடியும். பீடி, சிகரெட்டை விட்டால் உதட்டைச் சுற்றி விழும் கோடு தாமதப்படும். கோட்டைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் நேரில் போய், என்ன பொருள், என்ன அளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

முகத்தில் கோடு இருப்பது நோய் இல்லை. அதை அழிக்கிறேன் என்று வாங்கும் பெயர் தெரியாத கிரீம்தான் நோயைக் கொண்டுவரும். முகவரி இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள், பார்லரில் ஊசிக்கு முகத்தைக் கொடுக்காதீர்கள், ஒரு வாரத்தில் அதிசயம் நடந்தால் அன்றே பூசுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இன்றைக்கே உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் இருக்கும் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படியுங்கள்!